மை போட்டுப் பார்த்த குழல்

நான்கு மாலைகளில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் துப்பாக்கிக் குழலை அதன் மரக்கட்டையில் இறக்கும் வேலையைத் தொடங்கினேன். பதினேழு மாலைகள் ஆயின. அதில் மூன்று, நானே ஒரு தப்பைச் செய்வதிலும், ஒன்று அதைத் திருத்துவதிலும் போனவை. அந்தத் தப்பைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும், ஏனென்றால் மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும் வேலை.

செய்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாய் வழியே கருமருந்தும் குண்டும் போட்டு, கெஜக்கோலால் இடித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் நீளத் துப்பாக்கி. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் வளர்த்தெடுத்த வடிவம். கட்டை குழலின் வாய் வரை ஓடும். அதனால் குழலின் முழு நீளத்துக்கும் மரத்தில் காடி, அதாவது குழல் உட்காரும் பள்ளம், வெட்ட வேண்டும். என் குழல் 42 அங்குலம். அதாவது மூன்றரை அடி நீளத்துக்கு இரும்பும் மரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போக வேண்டும், நடுவில் நகம் நுழையாமல்.

குழல் நான் செய்ததல்ல. ஒரு காலத்தில் அதையும் பட்டறையிலேயே செய்தார்கள். தட்டையான இரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி மடித்து, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டி, பிறகு உள்ளே கடைந்து நேராக்குவார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. வெடிப்பைத் தாங்கப்போகும் பொருளில் கற்றுக்குட்டி வேலைக்கு இடமில்லை. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்ததும், பர்மிங்காமில் 1813-இல் சட்டம் போட்டுச் சோதனைச் சாலை அமைத்ததும் குழல்கள் வெடித்துக் கையும் கண்ணும் போன அந்தக் காலப் பின்னணியில்தான். ஆகவே குழலும், கல்லை அடித்துப் பொறி எழுப்பும் பூட்டும் தயாராக வாங்கியவை; உரிமம் உட்பட எழுத்து வேலைகளை முடித்துவிட்டுத்தான் மரத்தில் உளி வைத்தேன். ஊருக்கு ஊர் சட்டம் மாறும். அதை முதலில் பார்க்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

குழல் எண்பட்டை. வெளிப்பக்கம் ஒரே தடிமன் கிடையாது. அடியில், அதாவது மருந்து வெடிக்கும் பக்கம், ஒரு அங்குலம். மூன்றில் இரண்டு பங்கு தூரம் மெலிந்துகொண்டே போய் ஆறரை நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). அங்கிருந்து வாயை நோக்கி மறுபடி விரிந்து ஏழு நூல். மெலிந்த இடத்தை இடுப்பு என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் செய்வதால் துப்பாக்கி முன்பக்கம் இழுக்காது, தோளில் வைத்தால் தானாக நிற்கும். ஆனால் காடி வெட்டுகிறவனுக்கு இது ஒரு தண்டனை. நேர்க்குழலாக இருந்தால் இழைப்புளியை வைத்து ஒரே இழுப்பில் பாதி வேலையை முடித்துவிடலாம். இதில் ஒரு கோடுகூட நேர்க்கோடு இல்லை. எல்லாமே மெல்லிய வளைவு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

கட்டைக்கு மேப்பிள் மரம். அலை அலையாக ரேகை ஓடும் பலகை. மெருகு ஏற்றினால் புலித்தோல் போலப் பளபளக்கும், பார்க்க அழகு. உளிக்கு அது எமன். ரேகை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுவதால், எந்தப் பக்கமிருந்து சீவினாலும் அரை அங்குலத்துக்கு ஒருமுறை எதிர்ரேகையில் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். முதல் கட்டைக்குச் சாதாரண நேர்ரேகை மரத்தை எடுத்திருக்க வேண்டும். அழகுக்கு ஆசைப்பட்டேன்.

முதல் மாலை முழுக்க வெறும் கோடு போடுவதில் போனது. கட்டையின் மேல்பக்கம் நடுக்கோடு, கீழ்ப்பக்கம் நடுக்கோடு, இரண்டும் ஒன்றுக்கு நேர் ஒன்று. பிறகு குழலை மேலே வைத்துப் பக்கங்களைக் கத்தி முனையால் கீறினேன். பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பம் வரும். கத்திக் கீறலில் உளியின் முனை தானாகப் போய் உட்காரும்.

இந்தக் குழலைத் தட்டையான பரப்பில் வைத்தால் அடியும் வாயும்தான் தொடும், இடுப்பு அந்தரத்தில் நிற்கும். இரண்டு முனைகளின் தடிமனும் வேறு. அப்படியே வைத்துக் கீறினால் குழலின் துளை கட்டைக்குச் சாய்வாகப் போய்விடும். அதனால் வாய்ப் பக்கம் அரை நூல் தடிமனுக்கு ஒரு மரச் சீவலை அடியில் கொடுத்து, துளையின் மையம் இரு முனையிலும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று பார்த்த பிறகே கீறினேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் கடைசி வரை எதுவும் பொருந்தியிருக்காது. ஏன் என்றும் விளங்கியிருக்காது.

எவ்வளவு ஆழம்? எண்பட்டையின் பக்கவாட்டுப் பட்டை பாதிவரை மரத்துக்குள் போக வேண்டும். அதாவது குழலில் பாதி உள்ளே, பாதி வெளியே. ஒரு அங்குலக் குழலில் ஒவ்வொரு பட்டையும் மூன்று நூலுக்குச் சற்று மேல் அகலம். ஆக, காடியின் சுவர் முதலில் செங்குத்தாகக் கொஞ்சம் இறங்கி, பிறகு சாய்வுப் பட்டைக்காக உள்நோக்கித் திரும்பி, கடைசியில் அடிப்பட்டைக்காகத் தட்டையாக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூலை, இரு பக்கமும் சேர்த்து நான்கு. நான்கும் குழலோடு சேர்ந்து மெலிந்து விரிய வேண்டும்.

தோண்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை. நடுவில் குடைவு உளியால் வாய்க்கால் மாதிரி அள்ளி எடுத்தேன், கோட்டுக்கு அரை நூல் உள்ளேயே நிறுத்தினேன். கொட்டாப்புளியை இந்தக் கட்டத்தில் மட்டும்தான் பயன்படுத்தினேன். அதற்குப் பிறகு எல்லாம் கையால் தள்ளுவதுதான். இரண்டு மாலைகளில் ஒரு பெட்டி நிறையச் சீவல் சேர்ந்தது. வேலை வேகமாக நடக்கிற மாதிரி ஒரு மயக்கம் வந்தது.

அப்புறம் மை.

காணாமல் போனதைக் கண்டுபிடிக்க மை போட்டுப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே மை காட்டிக்கொடுப்பது மேட்டை. விளக்குச் சுடருக்கு மேல் ஒரு தகட்டைப் பிடித்துப் புகைக்கரி படியவிட்டு, சுரண்டி எடுத்து, சில துளி எண்ணெயில் குழைத்தேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குழலின் கீழ்ப் பாதியில் மெல்லிசாகப் பூச வேண்டும், இரும்பின் நிறம் மையின் ஊடே தெரியும் அளவுக்கு. அப்பினால் போச்சு, காடி முழுக்கக் கறுப்பாகி ஒன்றும் தெரியாது. பூசிய குழலை நேராக இறக்கி, ஒரு தட்டுத் தட்டி, நேராகத் தூக்க வேண்டும். எங்கே இரும்பு மரத்தை முட்டியதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி இறக்கு, மறுபடி தூக்கு. நூறு முறை வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தொடக்கத்தில் கறுப்பு இரண்டு மூன்று இடங்களில்தான் ஒட்டும், பெரிய திட்டாக. சீவச் சீவத் திட்டுகள் சிறிதாகி எண்ணிக்கை கூடும். காடி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக ஒட்ட ஆரம்பித்தால் வேலை முடியப்போகிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு நாள் ஆனது. அதுவரை புள்ளிகள் அதிகமாவதைப் பார்த்து, நிலைமை மோசமாகிறது என்று பதறிக்கொண்டிருந்தேன்.

குழலைத் தூக்குவதே ஒரு தனிப் பாடு. எண்ணெயும் கரியும் பூசிய, விளிம்புவரை மரம் பிடித்துக்கொண்டிருக்கும் மூன்றரை அடி இரும்பை எங்கே பிடிப்பது? நான் வாய்ப் பக்கம் விரலைக் கொடுத்து நெம்பினேன். வாய் முதலில் மேலே வரும், அடி கடைசியில் வரும். வசதியாக இருந்தது. அந்த வசதிதான் என்னைக் கவிழ்த்தது.

எட்டாம் நாள் வாக்கில் குழல் முக்கால் ஆழம் இறங்கிவிட்டது. அடியிலிருந்து ஒரு அடி தூரத்தில் இடப்பக்கச் சுவரில் மட்டும் விடாமல் கறுப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. சீவினேன். மறுபடி ஒட்டியது. இன்னும் சீவினேன். மூன்று மாலைகள் அந்த ஒரே இடத்தில், நான்கு அங்குல நீளத்துக்கு. ஒருநாள் குழலை உள்ளே வைத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. நிழல் என்று நினைத்தேன். கட்டைவிரல் நகம் உள்ளே போனது.

அங்கே முட்டவே இல்லை என்றால், கறுப்பு எப்படி ஒட்டியது? கருவிகளை எல்லாம் கீழே வைத்துவிட்டு, காடியின் சுவரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இருந்த கரி, முத்திரை குத்தியது போலத் தெளிவான விளிம்போடு இருந்தது. அதன் கீழ் மரம் அழுந்தி லேசாகப் பளபளத்தது. இந்த இடத்தில் இருந்தது இழுவல். மேலிருந்து கீழாகச் சாய்வான கீற்றுகள். குழல் முட்டி விட்ட அடையாளம் அல்ல அது, குழல் போகிற வழியில் தேய்த்துவிட்ட அடையாளம். வாயை முதலில் தூக்கி நெம்பும்போது குழல் அடியைச் சுழல்மையமாக வைத்துச் சாய்கிறது, கூடவே கொஞ்சம் இடப்பக்கம் திரும்பவும் செய்கிறது. என் வலது கை தூக்கும் விதம் அப்படி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மையைத் தடவிவிட்டு வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அதை நம்பி மரத்தைச் சீவியிருக்கிறேன்.

மை பொய் சொல்லாது. ஆனால் அது குழல் உட்கார்ந்த நிலையை மட்டும் சொல்வதில்லை, போன வழியையும் வந்த வழியையும் சேர்த்தே சொல்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன்: குழலின் வாயிலும் அடியிலுமாக இரண்டு சிறிய கிளாம்ப்களை, தோல் துண்டு வைத்து, கைப்பிடி மாதிரி மாட்டிக்கொண்டேன். இரண்டையும் இரு கையால் பிடித்து ஒரே சமயத்தில் செங்குத்தாகத் தூக்குவது. முன்னைவிட இரு மடங்கு நேரம். ஆனால் சுவர்களில் இருந்த கறுப்பில் பாதி அன்றே காணாமல் போனது. சீவாமலே.

இனிமேல் சுவரைப் பற்றி என் விதி: முத்திரை மாதிரி இருந்தால் மட்டும் உளி. கீற்று மாதிரி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பார். அடிப்பட்டையில் ஒட்டுவது பெரும்பாலும் உண்மை. சுவரில் ஒட்டுவதில் பாதிக்கு மேல் சந்தேகம்.

இடைவெளியை மூடியாக வேண்டும். அதே பலகையிலிருந்து, அதே ரேகை ஓட்டத்தில், இழைப்புளியால் நீளமான சீவல் ஒன்று எடுத்தேன். இரண்டு மூன்று சீவல் பாழானது. அலைரேகை என்பதால் வளைவுகளில் ஒடிந்தது. கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. ரேகையின் அலை சுவரின் அலையோடு சேரும்படி வைத்து, வஜ்ஜிரப் பசையால் ஒட்டினேன். அழுத்துவதற்குக் குழலையே பயன்படுத்தினேன், நடுவில் மெழுகு தேய்த்த தாளைக் கொடுத்து. மறுநாள் எடுத்தபோது ஒட்டியிருந்தது. அதன் மேல் மறுபடி மை, மறுபடி சீவல். தப்பைச் செய்ய மூன்று மாலை, ஒட்ட ஒரு மாலை.

அடியின் பின்சுவர் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் ஒரே ஒரு இடத்தைத்தான் கச்சிதமாகச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், நான் அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். துப்பாக்கி உதைக்கும்போது குழல் பின்னால் வரும். அந்த உதையைத் தாங்குவது குழலின் அடிமுகம் போய் முட்டும் மரச்சுவர். குழலின் அடியில் ஒரு அடைப்பு மரை திருகியிருக்கும். அதிலிருந்து ஒரு வால் பின்னோக்கி நீண்டு, கட்டையின் மேல்பக்கத்தில் பதிந்து, ஒரு திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். அடிமுகம் சரியாக முட்டாமல் வாலின் நுனி மட்டும் முட்டினால், ஒவ்வொரு உதையும் அந்த மெல்லிய வாலை ஆப்பு மாதிரி மரத்துக்குள் அடிக்கும். கட்டையின் மணிக்கட்டு, அதாவது கையால் பற்றும் பகுதி, அந்த இடத்தில்தான் மிக மெல்லிசு. நாலு வெடிக்குப் பிறகு வாலின் பின்னால் ஒரு விரிசல் ஓடும். பழைய துப்பாக்கிகளில் அந்த விரிசலும், அதற்குப் போட்ட பித்தளைத் தகட்டுத் தையலும் அடிக்கடி கண்ணில் படும்.

அதனால் செய்தது இது. பின்சுவரை முதலில் கோட்டுக்கு அரை நூல் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். குழல் முழு ஆழம் இறங்கியபின், அடிமுகத்தில் மை பூசி, மயிரிழை மயிரிழையாகச் சீவிக் குழலைப் பின்னால் கொண்டுவந்தேன். அது மர இழையின் குறுக்கு வெட்டுமுகம். கூரில்லாத உளியைக் கொண்டுபோனால் நொறுங்கும். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் உளியைத் தோல்பட்டையில் தீட்டினேன். இங்கே ஒரு பயம் வந்தது: குழல் மெலிந்துகொண்டே போவது, அதை அரை நூல் பின்னால் தள்ளினால் மெலிந்த பகுதி அகலமான காடிக்கு வருமே, பக்கவாட்டில் இடைவெளி விழாதா? ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு அங்குலத்தில் ஒன்றரை நூல் மெலிகிறது. அரை நூல் நகர்த்தினால் வரும் வித்தியாசம் அந்தக் கணக்குத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

வாலின் பக்கங்களை முன்கூட்டியே அரத்தால் லேசாக உள்சாய்வாக அராவியிருந்தேன், மேலே அகலம், கீழே குறுகல். இறங்க இறங்க இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். அடிமுகத்தின் கீழ்விளிம்புக்கும் அதே உபசாரம். வாலின் நுனிக்குப் பின்னால் மட்டும் ஒரு தாள் நுழையும் அளவுக்கு வேண்டுமென்றே இடம் விட்டேன். மேலிருந்து பார்க்கும் சிலருக்கு அந்தக் கோடு குறையாகத் தெரியும். தெரியட்டும்.

வாலை வளைப்பதைக் காடி வெட்டும் முன்பே செய்துவிட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கட்டையின் மணிக்கட்டு கீழ்நோக்கி வளைவதால் வாலும் வளைய வேண்டும். அடைப்பு மரையைக் குழலிலிருந்து கழற்றி, வைஸில் பிடித்து வளைத்தேன். திரும்பத் திருகும்போது மரை பழைய இடத்திலேயே இறுக்கமாக வந்து நிற்கிறதா, வாலின் மேல்முகம் குழலின் மேல்பட்டையோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். குழலின் அடியில் வெளியே ஏற்கெனவே குத்தியிருந்த அடையாளக் கோடு, மரையின் கோட்டோடு சேர்ந்தது. சேராமல் இருந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, தெரிந்தவரிடம் கொண்டுபோயிருப்பேன்.

இனி கிளாம்ப் செய்யும் மோசடி. 42 அங்குல இரும்பு, அதுவும் நடுவில் மெலிந்தது, நாம் நினைக்கிற அளவுக்கு விறைப்பானது இல்லை. நடுவில் கிளாம்பை இறுக்கினால் குழல் வளைந்து காடியின் அடியைத் தொடும். மை எல்லா இடத்திலும் அழகாக ஒட்டும். கிளாம்பை எடுத்தால் குழல் நிமிர்ந்துகொள்ளும். அந்த நிலையிலேயே ஊசிகள் அடித்து மாட்டிவிட்டால், குழல் எப்போதும் ஒரு வில் மாதிரி இழுபட்ட நிலையில் இருக்கும். மரம் ஈரத்தில் ஊதும்போதும் வறட்சியில் சுருங்கும்போதும் அந்த இழுப்பு மாறும், குண்டு போகும் இடமும் மாறும். எனவே கடைசி நாட்களில் குழலை அழுத்தக் கிளாம்பே போடவில்லை. குழலின் சொந்த எடை, மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்தத் தட்டிலிருந்து ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. சத்தம். குழலுக்குக் கீழே இடைவெளி இருக்கும் இடத்தில் தட்டினால் ஒருவிதக் கலகலப்பு, காலிப்பானைத் தொனி கேட்கும். மரத்தோடு சேர்ந்து உட்கார்ந்த இடத்தில் 'தொம்' என்று அடங்கிப் போகும். மை காட்டாத ஒரு பள்ளத்தை இடுப்புக்குப் பக்கத்தில் காதுதான் காட்டியது. பள்ளத்தை நிரப்பவில்லை. சுற்றி இருந்த மரத்தை ஒரு சீவு சீவி இறக்கினேன்.

பழைய துப்பாக்கிகள் சிலவற்றின் குழலைக் கழற்றிப் பார்த்தால் காடியின் அடி எண்பட்டையாகவே இருக்காது. உருண்டை உளியால் அள்ளிய தடம் அப்படியே இருக்கும். வெளியே தெரியும் மேல்விளிம்பும், உதை தாங்கும் பின்சுவரும் மட்டும் ஒட்டி நிற்கும். பிழைப்புக்காகச் செய்தவர்கள் கண்ணுக்கும் உதைக்கும் மட்டும் கூலி கேட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு என் பதினேழு மாலைகள் மேல் கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அடிப்பட்டை முழுக்கப் புள்ளி விழும் வரை விடவில்லை.

குழல் உட்கார்ந்தாயிற்று. அதைப் பிடித்து வைக்க அடிப்பட்டையில் மூன்று காதுகள். குழலின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஒரு டவ்டெயில் காடி (புறா வால் போல அடி அகன்று வாய் குறுகியது) அராவி, அதில் காதைப் பக்கவாட்டில் அடித்துச் செருக வேண்டும். பிறகு கட்டையின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ஊசி, காதின் துளை வழியே மறுபக்கம் போகும். சொல்ல எளிது. என் குழலின் துளை அரை அங்குலம். இடுப்பில் வெளித்தடிமன் ஆறரை நூல். ஆக அங்கே சுவர் ஒன்றேகால் நூல்தான், அதிலும் உள்ளே குண்டைச் சுழல வைக்கும் சுழல்வரிகள் கொஞ்சம் தின்றிருக்கும். அதில் அரை நூலுக்கும் குறைவாக வெட்டி நிறுத்த வேண்டும். இரும்பரத்தை ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் நிறுத்தி ஆழம் அளந்தேன். முக்கோண அரத்தின் ஒரு முகத்தைச் சாணையில் வழவழப்பாக்கிக்கொண்டால், பக்கத்தை அராவும்போது அடி ஆழமாகாது. இதை முதல் காதுக்குப் பிறகுதான் செய்தேன். முதல் காது அடிப்பக்கம், அங்கே சுவர் தடிமன், பிழைத்தேன்.

காதின் உயரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. குழலின் காடிக்குக் கீழே கெஜக்கோல் போகும் துளை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்தின் தடிமன் ஒரு நூல். ஊசிகள் மூன்றில் இரண்டும், பூட்டைப் பிடிக்கும் முன்பக்கத் திருகாணியும் இந்த ஒரு நூல் மரத்துக்குள்தான் போயாக வேண்டும். ஊசி அரை நூல் கம்பி. மேலே கால் நூல், கீழே கால் நூல். கெஜக்கோல் துளையை நீளத் துரப்பணத்தால் போடும்போது, அது ரேகையோடு சாய்ந்து மேலே ஏறினால் குழல் காடியில் வந்து எட்டிப் பார்க்கும். கீழே இறங்கினால் கட்டை வெளியே பெருக்கும். நான் போட்டது கால் நூல் கீழே இறங்கியது. நல்லவேளை அந்தப் பக்கம். பின்காதுக்கான பள்ளத்தைக் காடியில் வெட்டும்போது ஒரு மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்தி, துளை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டேன்.

ஊசி போகும் துளையைக் காதில் வட்டமாக விடாமல், குழலின் நீளவாக்கில் முட்டைவடிவமாக அராவினேன். இரும்பும் மரமும் ஒரே அளவில் நீள்வதும் சுருங்குவதும் இல்லை. இரண்டையும் மூன்று இடத்தில் ஆணியடித்த மாதிரி பிடித்தால் ஏதாவது ஒன்று வளையும்.

ஊசிகள் அடிப்பதற்கு முன், மழை பெய்து காற்று ஈரமாக இருந்த ஒரு நாளில் கட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமலே குழல் விழவில்லை. அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. நாலு நாள் வெயில் காய்ந்த பிறகு, இன்னொருவருக்குக் காட்டலாம் என்று அதே மாதிரி திருப்பினேன். குழல் நழுவி வந்தது. வாய்ப் பக்கத்தை முழங்காலால் தாங்கிப் பிடித்தேன். குழலுக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் எண்பட்டையின் ஒரு மூலை நீலமாகப் பதிந்தது, தெளிவான விளிம்போடு, முத்திரை மாதிரி.

மறுநாள் மூன்று ஊசிகளையும் அடித்தேன். பிறகு மேல்விளிம்பில் மிச்சம் விட்டிருந்த மரத்தை இழைப்புளியால் இறக்கிப் பக்கவாட்டுப் பட்டையின் பாதிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒட்டிய சீவலின் மேல்பகுதி அதோடு போனது. மீதி உள்ளே இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் நான்கு அங்குலத்துக்கு மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது.

அடைப்பு மரையின் முகம் குழலுக்குள் எங்கே முடிகிறது என்று ஒரு குச்சியை வாய் வழியாக விட்டு அளந்து, அந்த இடத்தைக் குழலின் வெளியே வலப்பக்கப் பட்டையில் கீறி வைத்திருக்கிறேன். பற்றுவாய், அதாவது நெருப்பு குழலுக்குள் போகும் சிறு துளை, அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் வர வேண்டும், பூட்டின் மருந்துத் தட்டு அதற்கு நேராக. பூட்டையும் இதே மாதிரிதான் மரத்தில் இறக்க வேண்டும். மை டப்பாவை இன்னும் மூடவில்லை.